“அங்கே போய்ப் பாத்துக்கலாம் டீச்சர்”: சிறுமிகளை ஓர் இரவு வெளியூர் அழைத்துப் போகும்போது நடக்கும் தவறுகள்

எங்கள் பள்ளிச் சாரணியர் குழுவை ஆண்டுக்கு ஒருமுறை ஏற்காட்டுக்கு அழைத்துப் போவோம். 24 பிள்ளைகள், 10 முதல் 13 வயது, ஓர் இரவுத் தங்கல். அதற்கு முந்தைய மாதம் ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், “அங்கே போய்ப் பாத்துக்கலாம் டீச்சர்.” அறை, சாப்பாடு, வண்டி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வாக்கியத்திலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

முதலில் வண்டி. இரவே கிளம்பினால் ஒரு நாள் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். 2022 அக்டோபர் 5 இரவு, கேரளத்தில் ஒரு பள்ளியிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய சுற்றுலாப் பேருந்து வடக்கஞ்சேரி அருகே முன்னால் போன அரசுப் பேருந்தில் மோதியது. 9 பேர் இறந்தார்கள், அவர்களில் 5 பேர் மாணவர்கள். மோதியபோது வேகம் மணிக்கு 97 கிலோமீட்டர். பகலில் போங்கள். ஓட்டுநர் எந்த ட்ரிப்பை முடித்துவிட்டு வருகிறார், நேற்றிரவு எங்கே தூங்கினார் என்று கேளுங்கள். வாடகை பேசும்போது கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிறும் வாந்திக்கு வழி, நெய் வழியும் பொங்கலும் வழி. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரையானாலும் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பியதை மட்டும்தான் தரவேண்டும்.

அடுத்த தவறு, தங்குமிடத்தைப் படத்தில் பார்த்து முன்பதிவு செய்வது. யாராவது ஒருவர் முன்னரே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளை எட்டிப் போடும் உயரத்தில் குளியலறைத் தாழ்ப்பாள் இருக்கிறதா? அறையை வெளியிலிருந்து பூட்டிவிட முடியுமா? முடியுமென்றால், தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் கதி? கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்து, காற்றுப் போக வழியும் இல்லையென்றால் அந்த இடமே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. குளிருக்கு யாராவது கரி அடுப்பை அறைக்குள் தூக்கி வந்தாலும் இதே ஆபத்துதான். அன்றிரவு பக்கத்துக் கட்டடத்தில் யார் தங்குகிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். ஒருமுறை நாங்கள் கேட்கவில்லை. நடுராத்திரி வரை குடித்துவிட்டுப் பாடியவர்களைக் கேட்டபடி கதவோரம் உட்கார்ந்திருந்தோம்.

இரவில் வேனைத் திருப்பி அனுப்பாதீர்கள். சிக்கனம் என்று நினைத்து இதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் சேலத்துக்கு இறங்க வேண்டும். 30 கிலோமீட்டர், அதிலும் மலைப்பாதை. 108 வரும், ஆனால் வந்து சேரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிட வாசலில் ஒரு வண்டி நிற்பது மேல்.

படகுக்கு வருகிறேன். 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் கூட்டம் மிஞ்சிய படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டால் “இருக்கு மேடம்” என்றுதான் பதில் வரும். எங்கள் பிள்ளை அளவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால், அது தண்ணீரில் கழன்றுவிடும். அளவு இல்லையா, கரையிலேயே உட்கார்ந்து சோளம் தின்னலாம்.

இனி இரவு. இதைத்தான் நாங்கள் மிகவும் தாமதமாகக் கற்றோம். சில வருடங்களுக்கு முன் ஒரு பதினோரு வயதுப் பிள்ளை நாற்பது நிமிடம் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை. முதல் மாதவிடாய். நாப்கின் எங்களிடம் இருந்தது, ஆனால் என் பைக்குள், ஜிப் போட்டு. கேட்க அவளுக்கு வெட்கம். அதைவிட மோசம், அவள் காணவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. அவளுடைய குழுவான மல்லிகை அணியில் படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என்னோடு இருக்கிறாள் என்று இன்னொரு டீச்சர் நினைத்தார். “நீங்க பாத்துக்கிறீங்கன்னு நெனச்சேன்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அதன் பிறகு நாப்கின், மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள் எல்லாம் கழிப்பறை அலமாரியிலேயே இருக்கும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். ஒரு டீச்சர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பிள்ளைகள் மாறும்போதெல்லாம் தலை எண்ணி, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்வோம். “என்கிட்ட 12.” “சரி, என்கிட்ட 12.” இதை அணித் தலைவி தலையில் கட்டுவதும் தவறு. அவளுக்கே வயது 13.

பெற்றோர் கூட்டத்தில் “ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?” என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தனித்தனியாகப் போனில், குறிப்பாகக் கேட்க வேண்டும். வலிப்பு வந்ததுண்டா, வீசிங் உண்டா, தூக்கத்தில் நடப்பாளா, படுக்கையில் சிறுநீர் போவாளா? நான்கு பேர் வீட்டிலாவது “ஆமா டீச்சர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று குரல் தாழும். அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசும் நேரத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வையுங்கள். படுக்கும் நேரத்தில் பேசினால் ஒருத்தி அழுவாள், அவளைப் பார்த்து ஆறு பேர் அழுவார்கள்.

“ஆம்பளைங்க யாராச்சும் வர்றாங்களா?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சமையல்காரர், போட்டோ எடுப்பவர், நிர்வாகியின் உறவினர் எல்லாம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஆணோ பெண்ணோ, நானே ஆனாலும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, பிள்ளைகளின் அறையில் படுக்கவும் கூடாது. பக்கத்து அறையில், கதவைத் திறந்து வைத்து, இருவராகப் படுப்போம். ஒரு பிள்ளை யாரைப் பற்றியாவது ஏதாவது சொன்னால், “ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்” என்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

சீருடையோடு பிள்ளைகளை நிற்க வைத்து, இடத்தின் பெயரும் தெரியும்படி உடனே ஸ்டேட்டஸ் போடுவதை விட்டுவிடலாம். வீடு திரும்பியபின் போடுங்கள், லைக் குறையாது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் இன்னொரு தவறு காத்திருக்கும். திரும்பும் வழியில் “எங்க வீடு இங்கதான் டீச்சர், இறங்கிக்கிறேன்” என்பார்கள். இறக்காதீர்கள். பள்ளி வாசலில், பட்டியலில் பெயர் உள்ளவரிடம் மட்டும், கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். போன முறை ஒரு பிள்ளையைக் கூட்டிப்போகச் சித்தப்பா வந்தார். அவள் “சித்தப்பா!” என்று ஓடினாள், ஆனால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருக்குக் கோபம், “என்னை என்னன்னு நெனச்சீங்க?” என்றார். அம்மா போனை எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை பிள்ளை வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கடலை மிட்டாயை அவருக்கும் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்துவிட்டு, தின்றுகொண்டிருந்தாள்.