உருகுவே கடற்கரையில் பஸ்ஸிலேயே ஒரு சுற்று: முதல் தடவை போகிறவர்களுக்கு

தென் அமெரிக்கா என்றால் எல்லோரும் பெரு, பிரேசில் என்றுதான் ஆரம்பிப்பார்கள். முதுகுப்பையோடு முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது உருகுவே. சின்ன நாடு, பஸ் வசதி நன்றாக இருக்கும். தலைநகர் மான்டிவிடியோவிலிருந்து கடலை ஒட்டிக் கிழக்கே போகப் போகக் கூட்டம் கரைந்துகொண்டே வரும்.

1. ஜனவரியைத் தவிருங்கள். அங்கே அப்போது கோடை விடுமுறை. அர்ஜென்டினாக்காரர்களும் வந்து குவிவார்கள், அறை வாடகை எகிறும். மார்ச்தான் என் கணக்கு: குளிக்கிற அளவுக்குக் கடலில் சூடு மிச்சமிருக்கும், ஆள் இருக்காது.

2. மான்டிவிடியோவில் பஸ் ஏறும் இடம் த்ரெஸ் க்ருசெஸ் நிலையம். மேல்தளத்தில் கடைகள், கீழே பஸ்கள். கவுன்டரில் ஊர்ப் பெயரோடு 'இதா' என்று சொல்லுங்கள். போவதற்கு மட்டும் என்று பொருள். திரும்பும் டிக்கெட்டைச் சேர்த்து வாங்காதீர்கள், பிடித்த ஊரில் கூடுதலாக இரண்டு நாள் தங்க முடியாமல் போகும். பெரிய பை பஸ்ஸின் வயிற்றுக்குள் போய்விடும். பாஸ்போர்ட்டும் ஸ்வெட்டரும் கையில் இருக்கட்டும்.

3. புந்தா தெல் எஸ்தே அடுக்குமாடிகளின் ஊர். மணலிலிருந்து ஐந்து விரல்கள் முளைத்து நிற்கும் 1982-ஆம் ஆண்டுச் சிற்பத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

4. ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். சாலை பெரும்பாலும் கடலை விட்டு விலகித்தான் போகிறது. மாடுகள், புல்வெளி, மறுபடி மாடுகள். ரோச்சா மாகாணத்தில் குட்டையான பூத்தியா பனைகள் வர ஆரம்பித்தால், சரி, அடுத்த ஊரை நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

5. இப்போது காபோ பொலோனியோ என்ற கடலோரச் சிற்றூர். பஸ் உங்களை நெடுஞ்சாலையோரத்து நுழைவாயிலில் இறக்கிவிடும். அங்கிருந்து ஏழு கிலோமீட்டருக்கு மணல்மேடுதான், ரோடு கிடையாது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உயரமான லாரியில் ஏற வேண்டும். மேல்தட்டு கிடைத்தால் விடாதீர்கள். அரை மணி நேரம் குலுக்கி எடுத்துவிட்டு, கடைசியில் வண்டி அலையோரத்து ஈர மணலிலேயே ஓடும். நான் முதல் தடவை சக்கரம் வைத்த பெட்டியோடு போய், அதைத் தலையில் சுமந்து நடந்தேன். ஊருக்குள் மின்கம்பி இல்லை; 1881-இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கு மட்டும் உண்டு. ஆகவே டார்ச்சும், ரொக்கமாக உருகுவேப் பணமான பெசோவும் தேவை. ஏடிஎம்மைத் தேடாதீர்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளில் கடற்சிங்கங்கள் கிடக்கும். கண்ணில் படும் முன்பே மூக்கு சொல்லிவிடும். ஒரு இரவாவது தங்குங்கள். நிலா இல்லாவிட்டால் வானம் முழுக்க நட்சத்திரம்தான். திரும்பும் கடைசி லாரி எத்தனை மணிக்கு என்று வந்திறங்கியதும் கேட்டு வையுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும்.

6. அப்புறம் புந்தா தெல் தியாப்லோ, மீனவர் ஊர். பஸ் நிலையம் ஊருக்கு வெளியே, கொஞ்சம் நடக்க வேண்டும். இங்கிருந்து கரையோடு வடக்கே நடந்தால் சாந்தா தெரேசா பூங்கா. கூடாரம் போடலாம், 1762-இல் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கிய கோட்டையும் உள்ளே இருக்கிறது. கடலில் இறங்கும் முன் கொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் கால் நனைப்பதோடு சரி.

7. பிரேசிலுக்குத் தொடர்கிறவர்கள் சுய் ஊரில் இறங்குவார்கள். பிரதான வீதியின் ஒரு பக்கம் உருகுவே, எதிர்ப்பக்கம் பிரேசில். ஆனால் உருகுவேயின் குடியேற்றச் சாவடி ஊருக்கு முன்னாலேயே வந்துவிடும். வெளியேறும் முத்திரை வேண்டும் என்று ஏறும்போதே டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.