பழைய பேவர் பிளாக்கில் கொல்லை முற்றம்: கடற்கரை மணலில் போடும் முறை

கொல்லையில் சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொன்னால் ஒரு நாள் பொறுத்து யோசியுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரை நம் கடற்கரை ஊர்களில் ஒரு கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது என்றால், ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக நிற்பதால்தான் கிடைக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மேலே மிதக்கிறது. 15க்கு 12 அடி இடத்தில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 425 லிட்டர். அதைத் தளம் போட்டு மூடித் தெருவுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் கிணறு உவர்த்துப் போச்சு என்று வருத்தப்பட்டு என்ன செய்வது? சிமெண்ட் இல்லாமல் மணல் மேல் பாவிய பிளாக்கின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். கால் வைக்கச் சுத்தமான இடமும் ஆயிற்று.

பெரியபட்டினம் பக்கம் எங்கள் வீட்டில் முதல் தடவை போட்டது ஒரே மழைக்காலத்தில் கெட்டுப்போனது. மணலை மட்டப்படுத்தி நேராக அதன்மேலேயே கல்லை அடுக்கினோம், ஓரம் கட்டவில்லை. கார்த்திகை மழையில் ஓரத்துக் கல் வெளியே நகர்ந்தது, நடுவில் இரண்டு இடத்தில் குழி விழுந்தது, மிளகாய் காயப்போடக்கூட லாயக்கில்லை. மொத்தத்தையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். அந்த இரண்டாவது முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் கல். கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் எங்கேயாவது தரையை மாற்றும்போதும், பழைய கட்டட சாமான் விற்கும் இடத்திலும் பேவர் பிளாக் கிடைக்கும். தெருவில் பெயர்த்துக் குவித்திருப்பது ஊராட்சி சொத்து, ஏலத்தில் எடுத்தால் தவிர தொடாதீர்கள். வாங்கும்போது இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிற கல்லையும், உப்புப் பொரிந்து மேல்தோல் பெயர்ந்து வருகிற கல்லையும் விலை குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். டேப் வைத்து கனம் பாருங்கள், 60 மில்லிமீட்டரும் 80 மில்லிமீட்டரும் கலந்து கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் மட்டமே வராது. எட்டுக்கு நாலு அங்குலச் செவ்வகக் கல் என்றால் 180 சதுர அடிக்குச் சுமார் 810 தேவை. பழைய கல்லில் கழிவு அதிகம் என்பதால் 950 வாங்குங்கள்.

இங்கே பழைய வீட்டை இடித்தால் பவளக்கல் வரும், அதையே பாவலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், அது மென்மையான கல், துளைத்துளையாக இருக்கும், ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலிலிருந்து புதிதாக எடுப்பது பேச்சுக்கே இடமில்லாத குற்றம், 2001லிருந்து பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

கல்லை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் கம்பி பிரஷால் உலர்ந்த நிலையிலேயே தேயுங்கள். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் மேலே இருக்கும் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். பக்கவாட்டில் ஒட்டிய சிமெண்ட் காரையை உளி வைத்து முழுசாக எடுத்துவிட வேண்டும், ஒரு பட்டாணி அளவு ஒட்டியிருந்தாலும் நாலாவது வரிசையில் கோடு வளைந்துவிடும். சலிப்பான வேலைதான், ஆனால் முற்றம் அழகாக வருவதும் வராததும் பாதி இதில் இருக்கிறது.

மணல் பற்றி ஒரே பேச்சு: விரிக்கவும் நிரப்பவும் கடற்கரை மணல் கூடாது. அள்ளுவது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். அதோடு அந்த மணல் உருண்டையாக, பொடியாக இருப்பதால் கல்லை இறுக்கிப் பிடிக்காது, அதில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக் கல்லை அரித்துவிடும். கல்லுக்கு அடியில் விரிக்கக் கரகரப்பான எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), இடுக்கில் நிரப்பப் பி-சாண்ட் (அதிலேயே பூச்சு வேலைக்கான நைசான மணல்), இரண்டும் போதும். கிரஷர் தூசி மலிவு என்று அடியில் கொட்டச் சொல்வார்கள், அது தண்ணீரைப் பிடித்து நிறுத்தும், நம் ஊருக்கு ஒத்துவராது.

வேலையைத் தை, மாசியில் தொடங்குங்கள். வாடை மழையில் மண் நன்றாக அமர்ந்திருக்கும், மழையில் எங்கே தண்ணீர் நின்றது என்பதும் ஞாபகத்தில் இருக்கும். மூலையைச் சரிபார்க்க ஒரு பக்கம் 3 அடி, அடுத்த பக்கம் 4 அடி குறித்துக்கொண்டு, குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். வாட்டம் வீட்டுச் சுவரிலிருந்து வெளியே, 10 அடிக்கு 2 அங்குலம், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்து நூல் கட்டிவிடுங்கள். மிஞ்சி ஓடும் தண்ணீர் தென்னம்பாத்திக்குப் போகிற மாதிரி வைத்தால் இன்னும் நல்லது. முற்றத்தின் மேல்மட்டம் வீட்டுப் பேஸ்மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்கட்டும், இல்லையென்றால் சுவர் ஓதம் இழுக்கும். தென்னைக்கும் பூவரசுக்கும் சுற்றி மூன்றடி விட்டுவிடுங்கள்.

ஆழம் 8 அங்குலம்: ஜல்லி 4, மணல் ஒன்றரை, கல் ஏறக்குறைய இரண்டரை. மழைக்காலத்தில் ஊற்று மேலே வரும் தாழ்ந்த இடமாக இருந்தால் தோண்டாமல் அந்த அளவுக்கு மேடாக்குங்கள். தோண்டிய மணலை நன்றாக நனைத்துத் திமிசுக்கட்டையால் இடித்து, அதன்மேல் தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். தார்ப்பாயோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டால் தண்ணீர் இறங்காது, இத்தனை பாடும் வீண். துணி இல்லாவிட்டால் ஜல்லி கொஞ்சம் கொஞ்சமாக மணலுக்குள் புதைந்துகொண்டே போகும், எங்கள் முதல் தளத்துக்கு ஜல்லியும் இல்லை, துணியும் இல்லை. 20 மில்லி ஜல்லியை இரண்டு இரண்டு அங்குலமாகக் கொட்டி, ஒவ்வொரு தடவையும் இடித்து, கடைசியில் எம்-சாண்ட் தூவி இடைவெளியை அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் மேலே விரிக்கும் மணல் அதற்குள் இறங்கி அங்கங்கே குழி விழும். 180 சதுர அடிக்கு ஜல்லி முக்கால் யூனிட், எம்-சாண்ட் அரை யூனிட் சரியாக இருக்கும் (ஒரு யூனிட் 100 கன அடி).

சிமெண்ட் வேலை ஓரத்துக்கு மட்டும். செங்கல் வைத்தால் உப்புக் காற்றில் உதிர்ந்துவிடும், கருங்கல் வையுங்கள், அல்லது இதே பிளாக்கைச் செங்குத்தாகப் பாதி புதைத்து, வெளிப்பக்கம் கான்கிரீட் அணை கொடுங்கள். கலக்குவதற்கு நல்ல தண்ணீர்தான். ஒரு வாரம் நனைத்துவிட்டு அப்புறம் உள்ளே வாருங்கள்.

மணல் விரிக்க, ஒன்றரை அங்குலக் கனத்தில் இரண்டு பைப்பை இருபுறமும் வைத்து, நடுவில் எம்-சாண்ட் கொட்டி, அலுமினிய மட்டக்கட்டையை அவற்றின் மேல் இழுத்தால் மட்டம் வந்துவிடும். பைப்பை எடுத்த தடத்தை நிரப்பிவிடுங்கள். அதன்மேல் யாரும் மிதிக்கக் கூடாது. பாவிய கல்லின் மேல் நின்றுகொண்டே முன்னால் போக வேண்டும், அதனால் ஒரே நாளில் பாவி முடிக்கிற அளவுக்கு மட்டும் விரியுங்கள். பழைய கல் ஒன்றுக்கொன்று மில்லிக்கணக்கில் வித்தியாசப்படும் என்பதால் செங்கல் கட்டு மாதிரி மாற்றி மாற்றி வைப்பதுதான் எளிது, ஐந்து வரிசைக்கு ஒரு தடவை நூல் பிடித்துப் பாருங்கள். கல்லுக்குக் கல் 3 மில்லி இடைவெளி. ஒரே குவியலிலிருந்து எடுக்காமல் நாலைந்து குவியலிலிருந்து கலந்து எடுத்தால் நிற வித்தியாசம் திட்டுத்திட்டாகத் தெரியாது. ஓரத்தை விடக் கால் அங்குலம் உயரமாகவே வையுங்கள், இடிக்கும்போது இறங்கும். ஓரத் துண்டுகளைக் கட்டிங் மிஷினில் அறுக்கும்போது கல்லை நனைத்துக்கொண்டு, மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலை அழிக்கும்.

வாடகைக்குப் பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து அதிர்ந்து தரையை இறுக்கும் மிஷின்) எடுத்து, அடியில் ரப்பர் மேட் கட்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இரண்டு சுற்று ஓட்டுங்கள். மேட் இல்லாமல் ஓட்டினால் பழைய கல் மூலை தெறிக்கும். அப்புறம் நன்றாகக் காய்ந்த, சலித்த பி-சாண்டைக் கொட்டி விளக்குமாற்றால் இடுக்கில் தள்ளி, திரும்ப ஒரு சுற்று ஓட்டி, திரும்ப மணல். இடுக்கு நிறையும்வரை இதுதான்.

முதல் மழைக்கு இடுக்கு மணல் கொஞ்சம் இறங்கும், வைகாசி ஆனியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றும் வாரிக்கொண்டு போகும். ஒரு மூட்டை பி-சாண்டைத் தனியாக எடுத்து வைத்திருந்து, புரட்டாசிக்குள் ஒரு தடவை தூவிப் பெருக்கிவிடுங்கள். எங்காவது கல் இறங்கினால் அந்த நாலு கல்லை மட்டும் நெம்பி எடுத்து, ஒரு கை எம்-சாண்ட் போட்டுத் திரும்ப வைத்தால் போதும்.