செக் எஞ்சின் லைட் எரிந்தால் சாமான் வாங்க ஓடாதீர்கள்

மீற்றரில் அந்த மஞ்சள் எஞ்சின் படம் எரிந்ததும் கராஜுக்குப் போய் ஸ்கேன் போட்டு, வந்த கோட்டுக்கு, அதாவது காரின் கம்பியூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண்ணுக்கு, எந்தச் சென்சரின் பெயரைச் சொல்கிறார்களோ அதையே வாங்கி மாட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒக்சிஜன் சென்சர் மாற்றினேன், மூன்றாம் நாள் களுவாஞ்சிக்குடி தாண்டும்போது லைட் திரும்ப எரிந்தது. உண்மையான பழுது ஒரு வெடித்த ரப்பர் ஹோஸ். கோட் எந்த இடத்துக் கணக்கு பிழையாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

முதலில் லைட் எப்படி எரிகிறது என்று பாருங்கள். விடாமல் எரிந்தால் மெதுவாக வீடு வரலாம். விட்டுவிட்டு மின்னினால் எஞ்சின் மிஸ்ஃபயர் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை, எரியாத பெற்றோல் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும், ஓரமாக நிறுத்துங்கள். சிவப்பு ஒயில் லைட் வேறு கதை, அது எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. திறப்பை ஓன் பண்ணும்போது இந்த லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப்பைக் கழற்றிப் பழுதை மறைத்திருக்கலாம். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கும் வரை பழைய கார்கள் எத்தனையோ கை மாறிவிட்டன, அதனால் இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கோட் எடுக்க, ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சொக்கட் இருந்தால் சின்ன புளூடூத் அடாப்டரும் போனும் போதும். 90களின் டொயோட்டா பலவற்றில் பொனட்டுக்குள் மூடி போட்ட சிறு பெட்டி இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து டிஈ1 (TE1), ஈ1 (E1) என்ற இரண்டு ஓட்டைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் ஓன் பண்ணினால் லைட் மின்னும். இரண்டு தரம் மின்னி, கொஞ்சம் நின்று, இன்னும் இரண்டு தரம் மின்னினால் 22, அது தண்ணீர்ச் சூட்டுச் சென்சர். நிற்காமல் ஒரே சீராக மின்னினால் கோட் எதுவும் இல்லை. வேறு ஓட்டையில் வயரைக் குத்திவிடாதீர்கள். வந்த கோட்டைக் கடதாசியில் எழுதிய பிறகுதான் பெட்டரி வயரில் கை வைக்க வேண்டும், கழற்றினால் பல கார்களில் எல்லாம் அழிந்துபோகும்.

இனித்தான் வேலை. சித்திரை வெயிலில் மட்டக்களப்பில் நிற்கிற காரின் எஞ்சின் சூடு -40 பாகை என்று போனில் காட்டினால் என்ன அர்த்தம்? சென்சருக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. பி0118 கோட்டும் இதைத்தான் சொல்லும். கடற்கரைப் பக்கம் நிற்கிற காரில் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அம்பாறைப் பக்கம் வயல் ஓரத்தில் நிறுத்துகிறவர்கள் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

பி0171 என்றால் பெற்றோலுக்கு மிஞ்சிக் காற்று போகிறது. எனக்கு வந்ததும் இதுதான். எஞ்சினை ஐடிலில் விட்டு, காற்று போகும் சின்ன ஹோஸ்கள் மேல் சவர்க்காரத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். பெல்ட், ஃபான் பக்கம் கை போகக் கூடாது. எந்த இடத்தில் எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் வெடிப்பு. என்னுடையது வளைவின் அடிப்பக்கத்தில், விரலால் மடித்துப் பார்த்தபோதுதான் வாய் திறந்தது.

பி0301 வந்தால் முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர். ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் கொடுக்கத் தனிக் கொயில் உள்ள கார் என்றால் எஞ்சினை அணைத்து, முதலாவது கொயிலை இரண்டாவதில் மாற்றிப் போட்டு, கோட்டை அழித்து ஓட்டுங்கள். பி0302 ஆக மாறினால் கொயில்தான் பழுது. பி0301 ஆகவே நின்றால் பிளக்கைக் கழற்றுங்கள், அதுவும் நல்லதென்றால் இன்ஜெக்டர், கொம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். அதற்குக் கராஜுக்குத்தான் போக வேண்டும், போகும்போது எழுதிய கடதாசியைப் பாஸின் கையில் கொடுத்து, எதை எதைப் பார்த்து முடித்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.