முட்டி வலிக்கு மஞ்சள் கேப்சூலும் வைட்டமின் டி-யும் சேர்த்து போடுறவங்களுக்கு
மஞ்சள்தூள்ல குர்குமின் (மஞ்சள்ல வேலை செய்ற முக்கியப் பொருள்) இருக்கிறதே 3 சதவீதம் பக்கம்தான், அதனால முட்டி தேய்மான வலிக்கு மஞ்சள் பால் பத்தாதுன்னு எக்ஸ்ட்ராக்ட் கேப்சூல் வாங்குறாங்க. மிளகுல இருக்கிற பைப்பரின் சேர்ந்தாதான் உடம்புல நல்லா ஏறும், ஆனா அதே பைப்பரின் நீங்க போடுற மத்த மாத்திரையையும் ரத்தத்துல ஏத்தி விட்டுடலாம், இத கடைக்காரர் எங்க சொல்றாரு! வைட்டமின் டி டெஸ்ட்ல கம்மின்னு வந்து டாக்டர் எழுதினா மட்டும் போடுங்க. 60,000 யூனிட்னா வாரத்துக்கு ஒண்ணுதான், தெரியாம தினமும் போட்டா கால்சியம் ஏறி கிட்னிக்கு வம்பு. ரெண்டுமே கொஞ்சம் எண்ணெய், நெய் இருக்கிற சாப்பாட்டோட போடுங்க. வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, பித்தப்பைல கல் இருக்கிறவங்க டாக்டர கேக்காம மஞ்சள் கேப்சூல தொடாதீங்க. கண்ணு மஞ்சளாச்சு, யூரின் கருத்துப் போச்சுன்னா அன்னிக்கே மஞ்சள் கேப்சூல நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போய் லிவர் டெஸ்ட் எடுத்துடுங்க.