லைன் வீட்டு வாசலில் கீரைத் தொட்டி: மாடி ஏற முடியாதவர்களுக்கும் சேர்த்து

மாடித் தோட்டம் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற பலர் இருப்பது லைன் வீட்டில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வாடகை வீடுகளில். மொட்டைமாடிச் சாவி வீட்டுக்காரர் கையில். சாவி கிடைத்தாலும் அம்மிச்சிகள் (பாட்டிகள்) படி ஏற வேண்டுமே. எங்கள் லைனில் எல்லோருக்கும் பொதுவாக வாசலிலேயே வைத்திருக்கும் தொட்டியின் செய்முறை இது. வீட்டுக்காரரிடம் கேட்டாயிற்று, நாலைந்து மணி நேரம் வெயில் விழும் இடமும் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

டிரம்மும் ஸ்டாண்டும்

200 லிட்டர் நீல டிரம் ஒன்றை நெடுக்குவாக்கில் அறுத்தால் இரண்டு தொட்டி. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சாயப்பட்டறை டிரம்மை மட்டும் தூக்கி வந்துவிடாதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் உள்ளே இருந்தது என்ன கெமிக்கல் என்று யாருக்கும் தெரியாது. சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகக் கேட்டு வாங்குங்கள். அடியில் ஒரு சாண் இடைவெளியில் ஓட்டை போட்டு, மேலே தேங்காய் நார் பரப்பிவிடுங்கள்.

வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் ஸ்டாண்ட் அடிக்கும்போது, தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ. வரும்படி சொல்லுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கீரை கிள்ளலாம். சக்கர நாற்காலியில் வருபவர் பக்கவாட்டில் நிறுத்திக்கொண்டால் கை எட்டும். அதற்கு ஒரு பக்கம் 90 செ.மீ. வழி விடுங்கள். "குனிஞ்சா எந்திரிக்க முடியறதில்ல கண்ணு" என்ற பேச்சுக்கே இடமில்லை. நனைந்த கலவையோடு ஒரு தொட்டி 100 கிலோவை நெருங்கும். மெல்லிய கம்பி தாங்காது.

தென்னை நார்க்கழிவு: இங்கே அவசரப்படாதீர்கள்

பொள்ளாச்சி பக்கமிருந்து வரும், நார்க்கழிவை அழுத்திச் செய்த 5 கிலோ கட்டி ஒன்று ஒரு தொட்டிக்குப் போதும். ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும். கழுவாத கட்டி என்றால் உப்பு இருக்கும். நம் ஊர் போர் தண்ணியும் உப்பு. இரண்டும் சேர்ந்தால் நாற்றின் இலை நுனி கருகும், மண் மேலே வெள்ளையாகப் பூக்கும். உரம் பத்தவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள். உப்பு மேலும் ஏறும்.

ஊறிய கழிவைப் பழைய கொசுவலையில் கட்டி, முக்கி முக்கிப் பிழியுங்கள். முதலில் டிக்காஷன் மாதிரி கறுப்பாக வரும். அது வெளுக்கும் வரை விடக்கூடாது. கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆத்துத் தண்ணியோ மழைத் தண்ணியோ வேண்டும். ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுவது) கிடைத்தால் வேலை சுலபம்: பிழிந்த தண்ணீரில் அது காட்டும் எண், ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குக் கிட்ட வந்தால் சரி.

அப்புறம் கலவை. கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று, இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் கிடைத்தால் லிட்டருக்கு 30 மி.லி. கலந்து வேரில் ஊற்றலாம். கீரை இலையில் அடிப்பது எனக்குப் பிடிக்காது.

விதைப்பும் பங்கும்

முதலில் சிவப்புத் தண்டுக்கீரை போடுங்கள். லைனில் இருக்கும் ஒடிசா, பீகார் குடும்பங்களுக்கும் பழகிய கீரை அது; பேச்சு அங்கிருந்தே ஆரம்பிக்கும். விதை பொடி என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள். ஓரத்தில் கொஞ்சம் ரவை போட்டால் எறும்பு அதை இழுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். 25 நாளில் பிடுங்கலாம்.

வீட்டுக்கு ஒரு மூலை என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவரின் மூலைதான் முதலில் காயும். முழுத் தொட்டியும் எல்லோருக்கும். தண்ணீர் மட்டும் முறை வைத்து ஊற்றட்டும். ஞாயிறு காலை பிடுங்கிப் பங்கு. பூவாளி 2 லிட்டருக்கு மேல் வேண்டாம். 10 லிட்டர் பூவாளியைத் தூக்க முடியாமலேயே வயசானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

பின்சேர்க்கை: பல்லடம் பக்கத்து வாசகர் ஒருவர், மயில் வந்து நாற்றையெல்லாம் கொத்திவிட்டது என்று எழுதியிருந்தார். ஊர் ஓரத்தில் இருப்பவர்கள் விதைத்த அன்றே நிழல்வலை போடுங்கள். ஆடிக் காற்றுக்கு வலை பறக்கும். அதனால் சுவர்ப் பக்கம் கம்பியில் முறுக்கிக் கட்டிவிட்டு, ஆள் உட்காரும் பக்கம் துணி கிளிப் மட்டும் போடுங்கள். இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் கீரை கிள்ள ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டிவரும்.