விண்டோஸ் 3.1இல் பழைய டொஸ் தரவுத்தளத்தை ஓடவைக்க

கொழும்பு நான்காம் குறுக்குத் தெருக் கடையொன்றின் பழைய கடன் பேரேடு, தரவுத்தள மென்பொருள்களான பொக்ஸ்ப்ரோ 2.6இலோ கிளிப்பர் 5இலோ கிடக்கிறது, அது இருக்கும் 486 கணினியில் விண்டோஸ் 3.1 ஏற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டொஸ் என்ற பழைய இயங்குதளத்தில் தனியே ஓடும்போது ஒழுங்காக இருக்கும் நிரல், ஜன்னலுக்குள் போனதும் முரண்டு பிடிக்கும். நிரலில் கைவைக்க வேண்டாம். விண்டோஸ் 3.1 டொஸ்ஸுக்கு மேலே ஓடுவது; அதற்குள் திறக்கும் ஒவ்வொரு டொஸ் ஜன்னலும், 'வின்' என்று தட்டிய நொடியில் டொஸ் எப்படி இருந்ததோ அதன் நகல். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதலில் தரவு இருக்கும் .டிபிஎஃப் கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். பிறகு டொஸ் தொடங்கும்போது வாசிக்கும் கொன்பிக்.சிஸ் கோப்பைத் திறந்து, இந்த வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள் (தட்டுவது ஆங்கில எழுத்தில்தான்):

டிவைஸ்=சி:\டொஸ்\ஹைமெம்.சிஸ்
டிவைஸ்=சி:\டொஸ்\இஎம்எம்386.எக்ஸ்இ ராம்
டொஸ்=ஹை,யூஎம்பி
பைல்ஸ்=80
பஃபர்ஸ்=10
ஷெல்=சி:\டொஸ்\கொமாண்ட்.கொம் சி:\டொஸ் /ஈ:1024 /பி

இரண்டாம் வரியில் 'ராம்' இருக்கும் இடத்தில் பலர் 'நோஇஎம்எஸ்' போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டால் ஜன்னலுக்குள் இஎம்எஸ் என்ற கூடுதல் நினைவகம் கிடைக்காது. அதை நம்பியிருக்கும் கிளிப்பர் நிரல் திணறும்.

'பைல்ஸ்' வரியின் 80, அதாவது ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை, எங்கிருந்து வந்தது? எண்ணிப் பாருங்கள். ஒரு .டிபிஎஃப், அதன் குறிப்புக் கோப்பு, மூன்று .என்டிஎக்ஸ் சுட்டிகள் (பதிவுகளைத் தேட உதவும் இண்டெக்ஸ் கோப்புகள்) என்றால் ஒரு பட்டியலுக்கே ஐந்து கோப்புகள். எட்டுப் பட்டியல் திறந்தால் நாற்பது. ஜன்னல் இரண்டு என்றால் எண்பது, அதற்குமேல் டொஸ்ஸின் சொந்தத் தேவை. அப்படிப்பட்ட கடையில் 100 போடுங்கள். கிளிப்பருக்கு, தொடக்கக் கட்டளைகள் இருக்கும் ஓட்டோஎக்ஸெக்.பாட்டிலும் 'செட் கிளிப்பர்=எஃப்:60' வேண்டும். 'பைல்ஸ்' எண், இந்த 'எஃப்' எண் இரண்டில் எது சிறியதோ அதுதான் செல்லுபடியாகும். ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு 'டொஸ் எரர் 4' ஏன் இன்னும் வருகிறது என்று குழம்புவது வழக்கம்; அந்த 4இன் பொருள் திறந்த கோப்புகள் மிஞ்சிவிட்டன என்பதே.

ஒரே கோப்பை இரண்டு ஜன்னல்களில் திறக்கப் போகிறீர்கள் என்றால் கோப்புகளைப் பூட்டிப் பகிர வைக்கும் ஷெயர் நிரல் கட்டாயம். விண்டோஸைத் தொடங்குமுன் ஏற்றுங்கள்:

சி:\டொஸ்\ஷெயர்.எக்ஸ்இ /எஃப்:4096 /எல்:500

எதுவும் சொல்லாவிட்டால் ஷெயர் 20 பூட்டுகளோடு நின்றுவிடும். கணக்கு நிரலுக்கு அது காணாது. ஷெயர் இல்லாமலே விட்டால் இரண்டு ஜன்னலும் ஒரே பதிவின் மேல் எழுதும், யாரும் தடுக்கமாட்டார்கள், பிழைச்செய்தியும் வராது. விண்டோஸ் ஃபோர் வேர்க்குரூப்ஸ் 3.11 என்றால் அதனுடைய விஷெயர்.386 இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், இந்த வரி வேண்டாம்.

பொக்ஸ்ப்ரோவுக்குத் தனியாக கொன்பிக்.எஃப்பி உண்டு. நிரல் தொடங்கும் கோப்புறையில் வைத்து 'எக்ஸ்குளூசிவ்=ஓஃப்', 'ரிசோர்ஸ்=ஓஃப்', 'டிஎம்பிபைல்ஸ்=சி:\டெம்ப்', 'டேட்=பிரிட்டிஷ்', 'செஞ்சுரி=ஓன்' என்று எழுதுங்கள். ரிசோர்ஸை நிறுத்தாவிட்டால் இரண்டாவது ஜன்னல், பொக்ஸ்ப்ரோ தன் அமைப்புகளை வைக்கும் பொக்ஸ்யூசர் கோப்பில் போய் முட்டும். டேட் வரி நம் நாள்/மாத ஒழுங்குக்காக.

இனி பிஃப், அதாவது ஒரு டொஸ் நிரலை எப்படி ஓட்டுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் கோப்பு. மெயின் குழுவில் பிஃப் எடிட்டர் இருக்கிறது. ஸ்டார்ட்-அப் டிரக்டரியை நிரப்புங்கள். வெறுமையாக விட்டால் நிரல் தன் கோப்புகளைக் காணாமல் தவிக்கும். 'கேபி ரிக்வயர்ட்' என்பது அவ்வளவு நினைவகம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மட்டுமே. 600 என்று தாராளமாக எழுதினால் நிரல் தொடங்கவே மாட்டாது. 128 போதும், 'டிசயர்ட்' 640. இஎம்எஸ், எக்ஸ்எம்எஸ் எல்லைகளை 1024இல் விடுங்கள். சுட்டிகளைப் புதுப்பிக்கும்போது வேறு ஜன்னலுக்குப் போக வேண்டுமென்றால் 'பக்ரவுண்ட்' குறியிடுங்கள். அப்போதும் நத்தை வேகமென்றால் 'டிடெக்ட் ஐடில் டைம்' குறியை எடுத்துவிடுங்கள். 'குளோஸ் விண்டோ ஓன் எக்ஸிட்' குறியை, எல்லாம் சரிவரும்வரை எடுத்தே வையுங்கள், இல்லாவிட்டால் பிழைச்செய்தியை வாசிக்குமுன் ஜன்னல் மூடிவிடும். 'அலவ் குளோஸ் வென் அக்டிவ்' பக்கம் போகவே வேண்டாம்: அது கோப்புகள் திறந்திருக்கும்போதே நிரலைக் கொல்ல வழிவிடும்.

கடைசியாக, டிஸ்க் வேலையை வேகமாக்கும் ஸ்மார்ட்டிரைவ். எழுத வேண்டியதை அது சில விநாடி கையில் வைத்திருந்துதான் டிஸ்க்கில் எழுதும். 1996, 2022 மின்வெட்டுகளைக் கண்ட கொழும்பில் அந்த விநாடிகளை நம்பக்கூடாது. டொஸ் 6.2 முதல் 'ஸ்மார்ட்டிரைவ் /எக்ஸ்' போதும். அதற்கு முந்தியதில் 'ஸ்மார்ட்டிரைவ் சி' என்று கூட்டல் குறியின்றி எழுதினால் வாசிப்பு மட்டும் வேகமாகும்.

ஏற்கெனவே கரண்ட் போய், 'நொட் எ டேட்டாபேஸ் பைல்' என்று வந்துவிட்டதா? நகலொன்றை ஹெக்ஸ் எடிட்டரில் திறவுங்கள். பூச்சியத்திலிருந்து எண்ணினால் 4 முதல் 7 வரையான பைட்டுகள் பதிவுகளின் எண்ணிக்கை, 8-9 தலைப்பின் நீளம், 10-11 ஒரு பதிவின் நீளம். எண்ணின் கீழ்மதிப்புப் பைட் முன்னால் வரும். தலைப்பு 417, பதிவு 118, எண்ணிக்கை 5200 (ஹெக்ஸில் 50 14 00 00) என்றால் கோப்பு 417 + 6,13,600 + 1 (கோப்பு முடிவுக் குறி) = 6,14,018 பைட் இருக்கவேண்டும். டிர் கட்டளை 6,13,700 என்று காட்டினால், 417ஐக் கழித்து 118ஆல் வகுங்கள்: முழுதாக இருப்பது 5197. 5197 ஹெக்ஸில் 4டி 14 00 00; ஆகவே பூச்சியத்திலிருந்து எண்ணி 4ஆவது பைட்டை மட்டும் 4டி என்று மாற்றிச் சேமித்து, பொக்ஸ்ப்ரோவில் எக்ஸ்குளூசிவாகத் திறந்து சுட்டிகளைத் திரும்பக் கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுங்கள். அறுந்துபோன அந்தக் கடைசிப் பதிவுகளை மட்டும் பற்றுச்சீட்டைப் பார்த்துத் திரும்பப் பதியுங்கள்.