பேக்கன் கொழுப்பில் பழைய காலத்து இஞ்சிக் குக்கீ

அமெரிக்காவில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில், அடுப்புக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு பழைய காபி டின்னைப் பார்க்கலாம். பேக்கன், அதாவது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டு பொரித்ததும் வாணலியில் மிஞ்சும் கொழுப்பு அதற்குள் போகும். மறுநாள் முட்டை பொரிக்கவும் உருளைக்கிழங்கு வதக்கவும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். டின் நிறைந்தால் அந்தக் கொழுப்போடு மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு) ஊற்றி, சுக்கும் பட்டையும் கிராம்பும் போட்டு குக்கீ சுடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு டிசம்பர் மாதம் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் நான் முதலில் சாப்பிட்டேன். கிராம்பு வாசனைக்குப் பின்னால் மெல்லிய புகை வாசம் வந்தது. வெண்ணெயில் செய்த இஞ்சிக் குக்கீ எதிலும் அந்த வாசம் எனக்குக் கிடைத்ததில்லை.

இது சிக்கனத்தில் பிறந்த பலகாரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே 1942-இல் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது, 1943-இல் வெண்ணெய்க்கும் வந்தது. சமைத்து மிஞ்சிய கொழுப்பை வடிகட்டி இறைச்சிக் கடையில் கொடுக்கும்படி அரசாங்கமே கேட்டது. அதிலிருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்து செய்தார்கள். அப்படிப்பட்ட நாளில் வீட்டில் தங்கிய ஒரு கரண்டிக் கொழுப்பைக்கூட யாரும் கொட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் கொழுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குக்கீ நன்றாக வருவதும் வீணாவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

பேக்கனைச் சிறு தீயில் நிதானமாகப் பொரியுங்கள். தீ அதிகமானால் கொழுப்பு கருகும், அந்தக் கசப்பை மறைக்க எந்த மசாலாவாலும் முடியாது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மெல்லிய துணியிலோ காபி வடிகட்டும் தாளிலோ வடிகட்டி டின்னில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். சிங்க்கில் கொட்டவே கூடாது, குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். டின் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மீன் பொரித்த கொழுப்பை இதோடு சேர்க்க வேண்டாம். எடுக்கும்போது ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பழைய முறுக்கில் வருமே, அந்தக் காறல் வாடை அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கழுவுவது. கொழுப்பைக் கழுவுவதா என்று கேட்காதீர்கள், ஆரம்பத்தில் செய்பவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். கொழுப்பின் அளவுக்குச் சமமாகத் தண்ணீர் சேர்த்து ஒரு பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி, ஆறியதும் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும். கத்தி முனையால் ஓரத்தை நெம்பினால் முழுசாகக் கையோடு வரும். கீழே பழுப்பு நிறத் தண்ணீர் நிற்கும். உப்பும் கருகல் துகளும் அதில் இறங்கியிருக்கும். தட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தைச் சுரண்டிவிட்டு, ஈரத்தைத் தாளால் ஒற்றி எடுங்கள். ஒருமுறை கழுவினால் போதும், திரும்பத் திரும்பக் கழுவினால் புகை வாசமும் போய்விடும். முதல் தடவை நான் கழுவாமலே செய்தேன், போதாததற்குக் குறிப்பில் இருந்த உப்பையும் போட்டேன். ஒரு தட்டு முழுவதும் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் இந்தக் குறிப்பில் உப்பே கிடையாது.

கழுவிய கொழுப்பு முக்கால் கப், அதாவது சுமார் 150 கிராம் வேண்டும். ஒருமுறை பொரித்ததில் அவ்வளவு கிடைக்காது, சில வாரம் சேர்க்க வேண்டியிருக்கும். சர்க்கரை ஒரு கப், மொலாசஸ் கால் கப், முட்டை ஒன்று, மைதா இரண்டு கப் (250 கிராம்), சமையல் சோடா இரண்டு டீஸ்பூன், சுக்குப் பொடி ஒன்றரை டீஸ்பூன், பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், கிராம்புப் பொடி அரை டீஸ்பூன். மேலே புரட்ட இன்னும் கொஞ்சம் சர்க்கரை. மொலாசஸில் ‘பிளாக்ஸ்டிராப்’ என்று போட்டிருப்பதை வாங்காதீர்கள், ரொம்பக் கசக்கும். சுக்கை வீட்டிலேயே இடித்துச் சலித்துக்கொண்டால் காரம் நன்றாக ஏறும்.

கொழுப்பையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை அடித்து, முட்டையையும் மொலாசஸையும் சேர்த்துக் கலக்குங்கள். மைதா, சோடா, மசாலாப் பொடிகளை ஒன்றாகச் சலித்துப் போட்டு, மாவு சேரும் வரை மட்டும் கிளறுங்கள். மொலாசஸில் புளிப்புத்தன்மை உண்டு. அது சோடாவோடு சேர்ந்து பொங்குவதால்தான் குக்கீ உப்பி, மேலே வெடிப்பு விடுகிறது.

இப்போது மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும். பயந்துபோய் மைதாவைக் கூட்டாதீர்கள். மூடி இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பேக்கன் கொழுப்பு சூட்டில் சீக்கிரம் இளகும். குளிராத மாவை ஓவனில் வைத்தால் எல்லாம் பரவி ஒரே அப்பளமாகிவிடும்.

ஓவனை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 175 செல்சியஸில் சூடாக்குங்கள். மாவைப் பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டி, சர்க்கரையில் புரட்டி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். முப்பத்தைந்து உருண்டை வரை வரும். ஒரு தட்டு உள்ளே இருக்கும்போது மீதி மாவு ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

ஒன்பதாவது நிமிடத்தில் கதவருகே போய் நில்லுங்கள். பந்தாக உப்பியிருந்தது மெல்ல அமுங்கி, சர்க்கரைப் பூச்சு பிளந்து, பிளவுக்குள் ஈரமான கறுப்பு தெரியும். ஓரம் கெட்டியாகி நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வேகவில்லையோ என்று தோன்றும். நிறம் கறுப்பு என்பதால் சிவந்ததா என்று பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. நம்பி எடுங்கள். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் தானாக இறுகும், சூட்டோடு தூக்கினால் உடையும்.

அன்றைக்கே சாப்பிட்டால் கிராம்பு மட்டும் முன்னால் நிற்கும். மறுநாள்தான் சுக்கும் புகை வாசமும் சேர்ந்து வரும். இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். ஆனால் அலுவலகத்துக்கோ விருந்துக்கோ கொண்டுபோனால், பன்றிக் கொழுப்பு சேர்ந்தது என்று டப்பாவின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பார்த்தால் சாதாரண இஞ்சி பிஸ்கட் போலத்தான் இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களும், பன்றி இறைச்சியைத் தொடாத முஸ்லிம், யூத நண்பர்களும் தெரியாமல் கை நீட்டிவிடக் கூடாது. அவர்களுக்கு இதே அளவில் வெண்ணெயில் (முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு இதுவும் ஆகாது) தனியாக ஒரு தட்டு சுட்டு, வேறு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.